ஆர்லீன் காரின் கேம்ஷாஃப்ட்

அமெரிக்காவின் அயோவாவில் ஆர்லீனுக்கு வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் தன் டார்ட் காரோடு பந்தயத் தடத்தில் நிற்பாள். ஆறு சிலிண்டர் எஞ்சின்தான். எட்டு சிலிண்டர்க்காரர்கள் அதைத் தையல் மிஷின் என்று கேலி செய்வார்கள். ஆனால் அந்தக் கோடையில் ஆறு சிலிண்டர் பிரிவில் அவளை அடிக்க ஆளில்லை. இறுதிப் போட்டியில் தம்பி கர்ட்டிஸே அவளிடம் தோற்றான். குளிர்காலத்தில் அவளுடைய எஞ்சினைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

அந்தப் பிரிவில் கம்பெனி பாகங்களைத் தவிர வேறெதுவும் எஞ்சினுக்குள் இருக்கக் கூடாது. கோப்பையைத் தொடுமுன் பரிசோதகர் வந்தார்.

"கேம்ஷாஃப்டை மாத்தியிருக்கீங்கன்னு புகார்மா."

"எவன் வயித்தெரிச்சலோ! தாராளமாத் திறந்து பாருங்க. என் தம்பி பூட்டின எஞ்சின்!" என்று அவளே பானெட்டைத் தூக்கிவிட்டாள்.

மூடியைக் கழற்றி அளந்தார். வால்வுகள் அளவுக்கு மீறித் திறந்தன. அவற்றைத் திறந்து மூடும் தண்டு கம்பெனியுடையது அல்ல; கூடுதல் வேகம் தரும் பந்தய கேம்ஷாஃப்ட். கோப்பை இரண்டாவதாக வந்த கர்ட்டிஸுக்குப் போனது.

அதைப் பூட்டிய கை ஒன்றுதான். அது தெரிந்த வாயும் ஒன்றுதான். ஆர்லீன் அவனிடம் போனாள்.

"நீயாடா புகார் கொடுத்தே?"

"போன வருஷம் வாராவாரம் தோத்துக்கிட்டிருந்தியேக்கா. பாவம்னு நெனச்சு, உன்கிட்ட சொல்லாம மாத்தி வச்சேன். அதுக்காக என்னையே தோக்கடிப்பியா?"

"கோப்பையைக் கொண்டுபோய்த் தொலை. கோடை முழுக்க நான்தான் நல்லா ஓட்டுறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனேடா, பாவி!"