“யாரும் சொல்லலீங்க” என்றேன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, சித்திரை முடியப்போகிற நேரம். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருந்தேன். நான்கு ஷெட், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் கோழி. அன்றைக்கு நடந்ததை இதுவரை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது என்னைத் திட்டினால் திட்டட்டும். திட்டு வாங்க வேண்டியவன்தான் நான்.

அப்போது எனக்கு முன்னேற வேண்டும் என்று ஒரு வெறி. பைக்கில் போகும்போது காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று பேசுகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே போவேன். அதில் ஒருவர் சொன்னது மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. முதலாளியிடம் பிரச்சினையைக் கொண்டுபோகிறவன் கடைசிவரை வேலைக்காரன், தீர்வைக் கொண்டுபோகிறவன்தான் மேலே வருவான் என்றார். ஆகா, இதுவல்லவா வழி என்று நினைத்தேன். அன்றிலிருந்து பண்ணையில் யார் என்ன குறை சொன்னாலும் என் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும். “நான் பாத்துக்கறேன்.” முதலாளிக்குப் போன் போட்டால் நல்ல சேதி மட்டும்தான் சொல்வேன். அவரும் நாலு பேர் முன்னால், “நம்ம தம்பிகிட்ட உட்டுட்டா ஒரு தலவலியும் இல்லீங்க” என்று சொல்வார். எனக்குத் தலைகால் புரியாது.

மூன்றாவது ஷெட்டில் கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வேலை பார்த்தது. புருஷன், பொண்டாட்டி, ஒரே மகள். பண்ணையிலேயே ஒரு அறையில் தங்கியிருந்தார்கள். அந்தம்மா முட்டை எடுப்பார், புருஷன் தீவனம் போடுவார். மகள் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாவது சேர்க்க வேண்டும், அதுவரை இந்தப் பண்ணையை விட்டு எங்கும் போகப்போவதில்லை என்று அந்தம்மா பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அவர்கள் இங்கே வந்து ஒதுங்கியதே அந்தப் பெண்ணின் படிப்புக்காகத்தான்.

கோழி எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூண்டு நெடுக ஒரு குழாய் ஓடும். அதில் வரிசையாக நிப்பிள் தொங்கும். கோழி அலகால் தட்டினால் ஒவ்வொரு சொட்டாக வரும். கோடையில் கோழி துவண்டுபோகாமல் இருக்க மேல்தொட்டித் தண்ணீரில் வெல்லமும் மருந்துப் பொடியும் கலந்து விடுவோம். கலந்தால் மறுநாளே குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அலச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வழுவழுவென்று பாசிபோலப் பிடித்து நிப்பிள் அடைத்துக்கொள்ளும். அந்த வாரம் போர்வெல்லில் தண்ணீர் குறைவு. இரண்டு நாள் கழித்து அலசிக்கொள்ளலாம் என்று மூன்றாவது ஷெட்டை நான்தான் தள்ளிப்போட்டேன். முதலாளிக்கு அது தெரியாது.

காலை ஏழு மணிக்கு அந்தம்மா வந்தார். “சார், கடைசி வரிசயில தண்ணி வரல. கோழி கொத்திக் கொத்திப் பாக்குது” என்றார். போய்ப் பார்த்தேன். தொட்டிக்குக் கீழே இருந்த ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். முதல் நான்கைந்து கூண்டில் தட்டிப் பார்த்தேன், சொட்டு வந்தது. முடிந்தது வேலை என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன். ஷெட்டின் கடைசிவரை நடந்துபோய்ப் பார்க்கவில்லை. முந்நூறு அடி நடக்க எனக்கு என்ன கேடு?

ஒன்பதரை மணிக்கு மறுபடி வந்தார். “இப்ப பாதி ஷெட்டுக்கு மேல வரல சார். மொதலாளிக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. முதலாளிக்குச் சொன்னால் முதலில் என்ன கேட்பார்? குழாயை எப்போது அலசினீர்கள் என்றுதான் கேட்பார். “நான் பாத்துக்கறேன், நீ போய் முட்டைய எடும்மா” என்றேன். எனக்குத் தெரிந்த பிளம்பருக்குப் போன் செய்தேன். திருச்செங்கோட்டில் ஒரு வேலையில் இருப்பதாகவும் மதியத்துக்குள் வந்துவிடுவதாகவும் சொன்னான். ஆளைப் பிடித்தாயிற்று, சரி செய்துவிட்டு அப்புறம் முதலாளியிடம் சொன்னால் மெச்சிக்கொள்வார் என்று எனக்குள் ஒரு கணக்கு.

பதினொன்றரைக்கு வெயில் பிளந்துகொண்டிருந்தது. அந்தம்மா மூன்றாவது தடவை வந்தார். இந்த முறை ஓடிவந்தார். கோழியெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இறக்கையை விரித்து நிற்கிறது என்றார். பின்னாலேயே மகள், இரண்டு கையிலும் பக்கெட். “தண்ணிய மொண்டு தீவனத் தொட்டியில ஊத்திடட்டுமா சார்? நாங்க மூணு பேரும் ஊத்திடுவோம்” என்று அந்தம்மா கேட்டார்.

அதைச் செய்திருந்தால் போதும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தீவனத்தில் தண்ணீர் பட்டால் புளித்து நாறும், நாளைக்குக் கழுவ வேண்டும், முதலாளி வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். எனக்குத் தோன்றியதெல்லாம் இதுதான். “எத்தன தடவ அதையே சொல்லுவ? எனக்குத் தெரியாதா? பக்கெட்ட வெச்சுட்டுப் போய் வேலையப் பாரு” என்று கத்தினேன். மகள் முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அந்தம்மா மகள் கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

பிளம்பர் வரவே இல்லை. இரண்டு மணி சுமாருக்குச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது ஷெட் பக்கம் போனேன். பத்தாயிரம் கோழி இருக்கிற ஷெட் எப்போதும் சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருக்கும். அன்றைக்குச் சத்தம் குறைந்திருந்தது. உள்ளே போனால் கூண்டுக்குக் கூண்டு கோழிகள் கழுத்து தொங்கிக் கிடந்தன. உயிரோடு இருந்தவை கண்ணை மூடி மூடித் திறந்தன. என் கண்ணெதிரே ஒன்று நிப்பிளைத் தட்டியது, தட்டியது, அப்படியே சாய்ந்தது. ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் குடும்பம் எனக்கு முன்பே உள்ளே இருந்தது. என் பேச்சை மீறி மூன்று பேரும் தண்ணீர் மொண்டு தீவனத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் பக்கெட்டை எடுத்தேன். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. சாயங்காலம் பார்த்தபோது ஷெட்டில் பாதி இல்லை.

முதலாளிக்கு அப்போதுதான் போன் செய்தேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஷெட்டுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்தார். செத்த கோழி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கூண்டிலேயே வைத்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு கேட்டார்: “ஏனுங் தம்பி, காத்தால இருந்து தண்ணி வராம இருந்துருக்குது. ஒருத்தரு கண்ணுலயுமா படல? யாருமே சொல்லலீங்களா?”

அந்தம்மா பத்தடி தள்ளி நின்றிருந்தார். சேலையெல்லாம் தண்ணீர். பக்கத்தில் புருஷன், மகள். மற்ற ஷெட் ஆட்களும் நின்றிருந்தார்கள்.

“யாரும் சொல்லலீங்க” என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. தானாக வந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

அந்த மனிதர் பதறிப்போய், “ஏன் சார், எங்க வூட்டுக்காரி மூணு வாட்டி வந்து சொன்னாளே சார்” என்றார். நான் அவரைப் பார்த்து, “எப்பய்யா சொன்னா?” என்று திருப்பிக் கேட்டேன். ஆமாம், கேட்டேன். அந்தம்மா ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மற்ற ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து அந்தம்மா என்னிடம் ஓடிவந்ததை எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள்.

ஜேசிபி வைத்துக் குழி தோண்டிக் கோழிகளைப் புதைத்தோம். தண்ணீர் வராததைச் சொல்லாமல் விட்டதாகச் சொல்லி, மறுநாள் காலை முதலாளி அந்தக் குடும்பத்தை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, பாத்திரங்கள். தீவன வண்டியில் ஏறிப் போனார்கள். நான் ஆபீஸ் ரூமுக்குள் உட்கார்ந்து எதையோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பத்து நாளில் ரிசல்ட் வந்தது. அந்தப் பெண் எவ்வளவு மார்க் என்று விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆடி மாதம்வரை தாக்குப்பிடித்தேன். எல்லோரிடமும் சிடுசிடுவென்று எரிந்து விழுந்தேன். ஒருநாள் காலையில் முதலாளி தனியாக இருக்கும்போது போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழாய் அலசாதது, மூன்று முறை அந்தம்மா வந்து சொன்னது, பக்கெட்டை வைக்கச் சொன்னது, பொய் சொன்னது. அடித்தாலும் பரவாயில்லை, வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். “எனக்கு அன்னிக்கே தெரியுமுங் தம்பி. உங்க மொகத்தப் பாத்தாத் தெரியாதுங்களா? முட்டை எடுக்கறதுக்கு வேற ஆளு கெடைக்கும். நாலு ஷெட்டப் பாத்துக்கற ஆளுக்கு நான் எங்க போறது?” என்றார். அவ்வளவுதான். வேண்டுமானால் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார், ஏதோ மறந்துபோன சாமானை எடுத்துவரச் சொல்வது போல.

மன்னிப்புக் கிடைத்த மாதிரி இல்லை. காலுக்குக் கீழே இருந்த கொஞ்சம் மண்ணும் சரிந்த மாதிரி இருந்தது. என் பொய் அவரை ஏமாற்றவே இல்லை. என்னை வேலையில் வைத்துக்கொள்ள அவருக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் வழியாக ஆத்தூர் போய், அங்கிருந்து கெங்கவல்லி பஸ் பிடித்தேன். ஊரைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார் அந்தம்மா. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, “வாங்க சார், எவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, சாப்ட்டீங்களா?” என்றார். வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். செய்தது தப்பு, மன்னித்துவிடுங்கள், திரும்ப வாருங்கள், உங்கள் மகளை நானே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று என்னென்னமோ சொன்னேன்.

கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தார். “பாப்பா இப்ப இங்க இல்ல சார். நல்ல மார்க்குதான் எடுத்தா. பள்ளிக்கூடத்துப் பக்கம் தங்க எடமில்லாம எங்க போய்ச் சேக்கறது? கோயமுத்தூர்ப் பக்கம் மில்லுக்கு அனுப்பிட்டோம். அங்கயே தங்கிக்கறா” என்றார். பிறகு சொன்னதைத்தான் நான் சாகும்வரை மறக்க முடியாது. “தப்பு எம்மேலயும் இருக்கு சார். ரெண்டாந் தடவ நீங்க கேக்காதப்பவே நேரா மொதலாளிகிட்ட போயிருக்கணும். நம்ம பேச்ச யாரு கேப்பாங்கன்னு இருந்துட்டேன். அதான் பாப்பாவுக்கும் சொல்லி அனுப்பிருக்கேன், போற எடத்துல எது நடந்தாலும் நீ பாட்டுக்கு வாய மூடிகிட்டு இருந்துக்கோன்னு.”

அம்மா, அப்படிச் சொல்லாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை? திரும்பி வர மாட்டேன் என்று தன்மையாகவே சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னை அனுப்பிவைத்தார். மில்லின் பேரைக் கேட்டேன். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அதே முதலாளிக்கு இப்போது மூன்று பண்ணை, மூன்றுக்கும் நான்தான் மேனேஜர். ஆசைப்பட்ட மாதிரியே முன்னுக்கு வந்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். காதில் ஒயர் மாட்டுவதை விட்டுவிட்டேன். குறை சொல்கிறவரை ஒருநாளும் விரட்டக் கூடாது, கெட்ட சேதிதான் முதலில் மேலே போக வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று புதிதாக வருகிற சூப்பர்வைசர்களிடம் படித்துப் படித்துச் சொல்கிறேன். தினமும் காலையில் ஒவ்வொரு ஷெட்டாக நானே கடைசிக் கூண்டுவரை நடக்கிறேன். ஒவ்வொரு ஆளிடமும் நின்று, ஏதாவது குறை இருந்தால் தைரியமாகச் சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறேன்.

“ஒண்ணுமில்லீங் சார், எல்லாம் நல்லா இருக்குதுங்க” என்கிறார்கள். அன்றைக்கு வேப்பமரத்தடியில் நின்றிருந்தவர்களில் பாதிப்பேர் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள்தான் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தச் சம்பவத்திலிருந்து நான் பாடம் படித்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் சொன்னவருக்கு என்ன நடந்தது என்று நேரில் பார்த்தவர்கள் என்னைவிட நன்றாகப் படித்துக்கொண்டார்கள், அதை மறக்கவைக்க இந்த நான்கு வருடமாக என்னால் முடியவில்லை.