கோழி இடாமல் நின்றதற்கு நான் காரணமில்லை

சித்திரை வைகாசியில் கோழி முட்டையிடாமல் நிற்பதற்கு வெயில்தான் காரணம். இதற்காக யாரோடும் சண்டை பிடிக்க நான் தயார். பதின்மூன்று வயதிலேயே பிடித்தவள்.

சுன்னாகத்துக்குக் கிட்ட எங்கள் வளவில் ஐந்து பேட்டுக்கோழிகள் நின்றன. அவை என் கோழிகள். அடைவைத்தது நான், குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காத்தது நான், பொழுதுபட்டதும் கூட்டுக்குள் அடைத்துக் கதவுக்குக் கல் வைத்ததும் நான். பக்கத்துக் காணியில் வெங்காயம் நட்டிருந்ததால் பகலிலும் கூட்டுக்கு முன்னால் கம்பிவலை அடித்து அதற்குள்தான் விட்டிருந்தோம். போரால் கரண்ட் நின்றுபோய், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீட்டில் எல்லாமே மட்டுமட்டு; முட்டை மட்டும் தாராளம். அதனால் எனக்குக் கொஞ்சம் பெருமையும் கெப்பரும் இருந்தது.

அந்த வருஷச் சித்திரைக் கடைசியில் நான் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டேன். பின்னறையில் பாய் போட்டு என்னை இருத்தினார்கள். அம்மாவின் அக்கா கரவெட்டியிலிருந்து சைக்கிள் கரியரில் வந்து இறங்கினார். பெரியம்மா ஒன்று சொன்னால் அம்மா மறுத்துக் கதைத்ததை நான் அதுவரை கண்டதில்லை. ஒவ்வொரு நாளும் விடியப் பச்சை முட்டையை உடைத்து என் வாயில் விட்டு, அதற்குமேல் நல்லெண்ணெயும் பருக்குவார். "இடுப்புக்குப் பலம், மூக்கைப் பொத்திக்கொண்டு குடி" என்பார். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இந்த முட்டை எப்போது முடிந்து தொலையும் என்று கடவுளை வேண்டினேன்.

கடவுளுக்குக் கேட்டுவிட்டது போலும். முதலில் ஒரு கோழி நின்றது, பிறகு இரண்டு, ஒரு கிழமைக்குள் ஐந்தும் இடாமல் விட்டன. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அது கடைசிக் கோழியும் நின்ற அன்றைய மத்தியானம் வரைக்கும்தான்.

"உவள் கக்கூசுக்குப் போகேக்கை கூட்டுக்குப் பக்கத்தாலைதானே போறவள்," என்று பெரியம்மா குசினியில் அம்மாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. "துடக்கு நிழல் பட்டால் கோழி இடுமே? இனிமேல் உவளை அந்தப் பக்கம் விடாதை. கோழியை வேறை ஆரும் பாக்கட்டும்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா சொன்னதைவிட அதுதான் எனக்குச் சுட்டது. என் கோழிகளை என்னிடமிருந்து பறிக்கத் தீட்டுப்பட்ட என் நிழலே சாட்டாம். எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

சாத்திவைத்திருந்த யன்னலை நீக்கிப் பார்த்தேன். உச்சி வெயில். கூட்டின் தகரக்கூரையைப் பார்க்கவே கண் கூசியது. கோழிகள் சொண்டைத் திறந்து, செட்டையை உடம்பில் ஒட்டவிடாமல் அகட்டி, இளைத்துக்கொண்டு நின்றன. காலையில் போட்ட தவிடு அப்படியே கிடந்தது. தண்ணீர்ச் சிரட்டை காய்ந்து கிடந்தது. நான் இருந்த அறைக்குள்ளும் காற்றில்லை. தந்த உழுத்தங்களியில் பாதிகூட எனக்கு இறங்கவில்லை. என்னாலேயே தின்ன முடியவில்லை என்றால் இறகைப் போர்த்துக்கொண்டு நிற்கும் கோழி எப்படித் தின்னும்? தின்னாத கோழி எதை வைத்து முட்டையிடும்? இதைக் கண்டுபிடிக்கச் சாத்திரியார் தேவையில்லை.

கதவைத் திறந்து முற்றத்தில் இறங்கினேன். தலையை மூடத் துணியில்லை, காத்து கறுப்பு அண்டாமலிருக்கப் பிடிக்கும் இரும்புத்துண்டும் கையில் இல்லை.

"எடி, எங்கை போறாய்?" என்றார் பெரியம்மா.

"கோழிக்குத் தண்ணி வைக்கப் போறன்."

"துடக்கோடை கிணத்தடிக்கோ?"

"கோழிக்குத் துடக்குத் தெரியாது பெரியம்மா. வெயில்தான் தெரியும்."

வாளியைத் தூக்கிவந்து மண்சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கூட்டின் நிழல் மூலையில் வைத்தேன். பழைய தென்னோலைக் கிடுகுகளை நனைத்துத் தகரத்தின்மேல் போட்டேன். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா வந்து என் கையிலிருந்த வாளியை வாங்கினார். "மிச்சத்தை நான் ஊத்திறன். நீ உள்ளை போ," என்றார். அன்றிலிருந்து வெயில் ஏறுமுன்னே தவிட்டைத் தண்ணீரில் குழைத்து வைத்ததும், மத்தியானத்தில் கிடுகை நனைத்ததும் அம்மாதான்.

முட்டை திரும்பி வந்தது. ஆனால் என் கெட்ட காலம், எனக்குத் தண்ணீர் வார்த்துத் துடக்குக் கழித்ததற்கு அடுத்த நாள் வந்தது. "பாத்தியே, துடக்குக் கழியக் கோழி இடுது," என்றார் பெரியம்மா. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. கிடுகு நனைத்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நனைத்த அம்மாவும் திறக்கவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் கோபம் முற்றியது.

கரவெட்டிக்குப் போகும் வடமராட்சிப் பாதையில் ஆமியின் ஹெலிகொப்டர் சுட்டுத் திரிந்ததால் பெரியம்மா ஊருக்குத் திரும்ப முடியாமல் எங்களோடு நின்றார். அடுத்த மாதம் எனக்கு அந்த நாள் வந்தபோது நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. விடியக் கூட்டைத் திறந்து, சூடு ஆறாத முட்டைகளை என் கையால் எடுத்தேன். வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பொரித்துப் பெரியம்மாவின் புட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே செய்தேன். பெரியம்மா ருசித்துச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் அவர் பாதி சாப்பிட்டிருந்தபோது முன்னால் போய் நின்றேன்.

"பெரியம்மா, எனக்கு முந்தநாளிலையிருந்து துடக்கு. முட்டை எடுத்ததும் நான், பொரிச்சதும் நான். கோழி இண்டைக்கும் இட்டிருக்கு."

அவருடைய கை புட்டுக் கோப்பைக்கு மேலேயே நின்றது. அடி விழும் என்று நினைத்தேன். விழட்டும் என்றுதான் நின்றேன். பெரியம்மா என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை, திருவுவதையும் நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் அக்கா," என்றார். "ஆற முன்னம் சாப்பிடுங்கோ."

பெரியம்மா மிச்சப் புட்டை முட்டையோடு சேர்த்துக் குழைத்துச் சாப்பிட்டு முடித்தார். அடுத்த நாளும் கூட்டை நான்தான் திறந்தேன்.