ஊதாமல் விட்ட விசில்

போன வருடம் மழைக்காலம் முடிந்து மைதானங்கள் காய்ந்திருந்த சமயம். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற பக்கம் ஒரு மைதானம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், உள்ளூர் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி. அன்று அந்த ஆட்டத்துக்கு ரெஃப்ரி நான்தான். முப்பத்தாறு வயதில், பள்ளிக்குப் போகும் மகளை வைத்துக்கொண்டு, வாயில் விசிலோடு நான் அங்கே எப்படிப் போய் நின்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வீடு சிட்லபாக்கத்தில். கிண்டி பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டி காற்றாட வந்து நின்றாலும், அதை விட்டுவிட்டுப் பொதுப் பெட்டியில்தான் ஏறுவேன். கல்லூரியில் கால்பந்து ஆடியவள் நான். அந்தப் பெட்டியில் என்னைப் போலவே ஃபுட்பால் பைத்தியம் பிடித்த ஒரு கூட்டம் இருந்தது. வார இறுதியில் டிவியில் பார்த்த ஆட்டங்களைத் திங்கட்கிழமை காலையில் அங்கே கூறு போடுவோம். ஆடியவர்களை விட்டுவிடுவோம், ரெஃப்ரியைத்தான் விட மாட்டோம். அது ஆஃப்சைடா, இந்த ரெட் கார்டு நியாயமா, பந்து கையில் பட்டதா, கை பந்தில் பட்டதா என்று பேசிப் பேசிக் கிண்டி வந்துவிடும். ரெஃப்ரிகளைத் திட்டுவதில் என் குரல்தான் அங்கே பெரியது. குருடன், விலை போனவன் என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

வண்டலூரில் ஏறி வருகிற ஒருவர் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர். என் வயதுதான் இருக்கும், வங்கியில் வேலை. அவரிடம் ஒரே ஒரு கொள்கை இருந்தது. ரெஃப்ரி முதல் பாதியில் ஓர் அணிக்குத் தவறு செய்துவிட்டால், இரண்டாம் பாதியில் அதே அணிக்கு ஏதாவது ஒன்றைச் சும்மா தூக்கிக் கொடுத்து ஈடுகட்டிவிடுவார் என்பார். ஒரு திங்கட்கிழமை எங்கள் எல்லோருக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் ஆதரித்த அணி, கடைசி நிமிடத்தில் கொடுத்த ஒரு பெனால்டியால் தோற்றிருந்தது. அவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"கணக்கு டேலி பண்ணிட்டான், அவ்ளோதான். எவன் ஊதினாலும் இதான் நடக்கும்."

"நான் ஊதினா பண்ண மாட்டேன்" என்றேன்.

"ஊதிப் பாருங்க மேடம். நீங்களும் இதைத்தான் பண்ணுவீங்க" என்று சிரித்தார். பெட்டியே சிரித்தது.

எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். அந்தச் சிரிப்பு ராத்திரி சப்பாத்தி தேய்க்கும்போதும் காதில் கேட்டது. ரெஃப்ரி தேர்வுக்கு எப்படிச் சேருவது என்று விசாரித்து, அடுத்த வகுப்பிலேயே பெயர் கொடுத்துவிட்டேன். விதிமுறைப் பரீட்சை சுலபமாக முடிந்தது. ஓட்டத்தில்தான் மண்ணைக் கவ்வினேன். பிறகு தினமும் விடிகாலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஓடினேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களெல்லாம் வழிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இது இப்ப தேவையா?" என்று கேட்ட என் கணவர்தான், கொஞ்ச நாளில் கையில் செல்போனை வைத்துக்கொண்டு நேரம் பார்த்துச் சொன்னார். இரண்டாவது முறை தேறிவிட்டேன். சில மாதங்கள் எல்லைக்கோட்டில் கொடி பிடித்த பிறகு, விசில் கைக்கு வந்தது.

அந்த அரையிறுதியில் ஒரு பக்கம், மைதானத்தைச் சுற்றியிருக்கிற தெருக்களின் பையன்கள். இன்னொரு பக்கம், வெளியூர் அணி. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் முழுக்க உள்ளூர்தான். முதல் பாதி முடிகிற நேரத்தில், உள்ளூர்ப் பையன் ஒருவன் கோலை நோக்கி அடித்த பந்தை வெளியூர் அணியில் ஒருவன் பெனால்டி பகுதிக்குள் விழுந்து தடுத்தான். அந்த நொடியில் எனக்கும் அவனுக்கும் நடுவில் வேறொருவன் குறுக்கே ஓடினான். பந்து அவன் மேலே பட்டு வெளியே போனது தெரிந்தது. உடம்பில் எங்கே பட்டது என்று தெரியவில்லை. பார்க்காததைக் கொடுக்க முடியாது. கார்னர் என்று கை காட்டினேன்.

மைதானம் கொதித்துவிட்டது. உள்ளூர் அணியின் கேப்டன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"இன்னாக்கா இது? கையில பட்டுச்சு, ஊரே பாத்துச்சு. நீ பாக்கலையா?"

மஞ்சள் அட்டையைக் காட்டி அவனை நகர்த்தினேன். வெளியிலிருந்து காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து விழுந்தது. வீட்டுக்குப் போய் சமைக்கச் சொல்லி யாரோ கத்தியதும் தெளிவாகக் கேட்டது.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது, அந்தப் பக்கம் கொடி பிடித்திருந்த சக நடுவர் மெதுவாக அருகில் வந்தார். "மேடம், என் பக்கத்துலேர்ந்து பாத்தா கை நல்லா மேல இருந்துச்சு. கொடி தூக்கலாமான்னு யோசிச்சேன். நீங்க கிட்ட இருந்தீங்க, பாத்திருப்பீங்கன்னு விட்டுட்டேன்" என்றார். கார்னர் அடித்து ஆட்டம் தொடர்ந்துவிட்டதால் இனி அந்த முடிவை மாற்ற விதியில் இடமில்லை. அது பெனால்டி. நான் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

அதே நேரத்தில் போட்டி அமைப்பாளரும் வந்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். பசங்க சூடா இருக்கானுங்க. செகண்ட் ஹாஃப் இந்த சார் ஊதட்டும், நீங்க கொடி புடிங்க" என்றார் தன்மையாக.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நான் செய்தது தவறுதான், அது இப்போது எனக்கே தெரியும். ஆனால் ஒரு தவறு செய்த ஆண் ரெஃப்ரியிடம் யாரும் பாதியில் விசிலைக் கேட்டு நான் பார்த்ததில்லை. இன்று கொடுத்துவிட்டால் பிறகு என் கைக்கு அது திரும்பாது என்பதும் தெரிந்தது.

"எனக்கு அடிபட்டா மாத்துங்க சார். இப்ப எனக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன்.

இரண்டாம் பாதியில் வெளியூர் அணி ஒரு கோல் போட்டது. சுத்தமான கோல். அதற்குப் பிறகு உள்ளூர்க் கூட்டம் ஒவ்வொரு பந்துக்கும் என்னைத் திட்டியது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். உள்ளூர் அணியின் ஸ்ட்ரைக்கர் பந்தோடு பெனால்டி பகுதிக்குள் பாய்ந்தான். எதிரே வந்தவன் காலை நீட்டினான். ஸ்ட்ரைக்கர் சுருண்டு விழுந்தான். மைதானம் முழுக்க ஒரே குரல், பெனால்டி என்று.

விசில் என் உதட்டில் இருந்தது. வண்டலூர்க்காரர் சொன்னது அந்த ஒரு நொடியில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அதுவரை ஈடுகட்டுவது என்றால் ஏதோ திருட்டு வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. அது நியாயம் மாதிரியே வந்து நிற்கிறது. இவர்களுக்கு ஒன்று கடன்பட்டிருக்கிறாய், கொடுத்துவிடு, யாரும் கேட்க மாட்டார்கள், நீயும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்கிறது. டிவியில் பார்த்துத் திட்டிய அத்தனை ரெஃப்ரிகள் மேலும் அப்போது எனக்கு இரக்கம் வந்தது.

ஆனால் இந்த முறை குறுக்கே யாரும் இல்லை. நீட்டிய காலுக்கும் விழுந்தவனுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை என் கண்ணால் பார்த்தேன். கால் படவே இல்லை. முதல் தவறு தெரியாமல் செய்தது. இப்போது ஊதினால் தெரிந்தே செய்வது. விசிலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஆடுங்கள் என்று இரண்டு கையாலும் காட்டினேன்.

உள்ளூர் அணி தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அமைப்பாளர்கள் ஓடி வந்தார்கள். கேப்டன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. மொதல்ல பட்டது கை தானே?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லி நழுவியிருக்கலாம். "கைதான். நான் நின்ன இடத்துலேர்ந்து தெரியல. என் தப்பு" என்றேன். "கடைசில விழுந்தது பெனால்டி இல்ல. அது உனக்கே தெரியும்."

அவன் அந்த ஸ்ட்ரைக்கரைத் திரும்பிப் பார்த்தான். ஸ்ட்ரைக்கர் குனிந்து ஷூ லேசை அவிழ்க்க ஆரம்பித்தான். கேப்டன் கையை அகட்டி எனக்கு வழி விட்டான். நான் நடந்து போய் வண்டியை எடுத்தேன். வீட்டுக்குப் போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

மறுநாள் ரயிலில் எனக்கு முன்பே அந்த வீடியோ வந்து சேர்ந்திருந்தது. எவனோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். பெட்டியில் ஆளாளுக்கு நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது மாதிரியே. என்னைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. வண்டலூர்க்காரர் மட்டும் கேட்டார்.

"ஈடுகட்ட சான்ஸ் வந்துச்சே மேடம். ஏன் விட்டீங்க?"

"வந்துச்சு. அதனாலதான் விட்டேன்" என்றேன்.

அன்று கிண்டி வரும்வரை அவர் தன் கொள்கையைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் அதன் பிறகு எந்த ரெஃப்ரியையும் விலை போனவன் என்று சொன்னதில்லை. குருடன் என்று எப்போதாவது சொல்லிவிடுகிறேன், பழக்க தோஷம்.

இந்த வருடம் அதே மைதானத்தில் மறுபடியும் விசில் ஊதப் போனேன். போட்டிக்கு முந்தைய நாள் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே உள்ளூர் அணி, அதே கேப்டன். ஆட்டத்தின் நடுவில் அவர்கள் பையன் ஒருவன், மேலே யாரும் படாமலேயே பெனால்டி பகுதியில் விழுந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் ஓடிப் போவதற்குள், பின்னாலிருந்து கேப்டனின் குரல் வந்தது.

"எந்திரிடா டேய். அந்தக்கா சும்மாலாம் குடுக்காது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினேன். அந்த அரையிறுதிக்குப் பிறகு எத்தனையோ தடவை விசில் ஊதிவிட்டேன், ஆனாலும் ஒரு தவறைச் செய்துவிட்டு அதை மூட இன்னொன்றைத் தேடி மனசு ஓடும்போதெல்லாம், ஆய்வகத்திலானாலும் வீட்டிலானாலும், என்னைப் பிடித்து நிறுத்துவது அன்று ஊதாமல் விட்ட அந்த ஒன்றுதான்.