வரப்பு மாமா காட்டிய நிலம்

வரப்பு மாமா என்ற பெயரை அவள் முதலில் கேட்டது கல்யாணமாகிப் பத்தாம் நாள், அடுப்படியில். வெளிநாட்டுக் கம்பெனிப் பண்ணையில் வேலை கேட்டுப் பார்க்கவா என்று அவள் இழுத்தபோது, மாமியார் வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்: "கேட்ல காவலுக்கு ஒருத்தர் நிப்பார். வரப்பு மாமான்னா எல்லாருக்கும் தெரியும். அவர்கிட்ட கேளு. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாத."

யாரோ வேண்டாதவர்போல என்று நினைத்துக்கொண்டாள். வேலையும் கிடைத்தது. நீளமான தகர மேசை, தலைக்கு வலைத்தொப்பி, எலும்பைக் குடையும் குளிர். நேராக இருக்கும் பீன்ஸ் பெட்டிக்குப் போகும், கப்பல் ஏறும், வளைந்தது மாட்டுக்கு. நமக்கும் முதுகு வளைந்தால் அடுத்தது மாடுதான் என்று பெண்கள் சிரித்துக்கொள்வார்கள். ஒரு மாதம் கழித்துப் பக்கத்தில் நின்றவள்தான் போட்டு உடைத்தாள்: கேட்டில் நிற்கிறவர் உன் மாமியாரின் கூடப்பிறந்த அண்ணன், உன் புருஷனுக்குத் தாய்மாமன், தெரியாத மாதிரி தாண்டிப் போகிறாயே என்று. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷன் முழுக்கதையும் சொன்னான். மாமியார் எழுந்து போகவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

ஊரில் எந்த வரப்பு யாருடையது, எந்தத் துண்டு எந்தப் பாட்டன் வழியாக எந்தப் பேரனுக்கு வந்தது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பத்திரம் கித்திரம் யாரிடமும் கிடையாது. அவர் வாய்தான் பத்திரம். அந்த மண் இளைத்த மண். இரண்டு வருஷம் விதைத்தால் மூன்று வருஷம் ஆறப்போட வேண்டும். ஆறப்போட்ட நிலத்தில் முள்ளும் புல்லும் மண்டிக் கிடக்கும். பார்த்தால் அநாதைபோல் இருக்கும், ஆனால் ஊருக்குத் தெரியும், அது தூங்குகிறது, செத்துப்போகவில்லை என்று.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்காக நிலம் அளக்க வந்தவர்கள் அவரைத்தான் ஜீப்பில் முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். தொப்பி கொடுத்தார்கள். வெளிநாட்டு அதிகாரி அவரைப் பார்த்ததும் எழுந்து கைகொடுப்பாராம். எதில் விதைத்திருக்கிறது, எதில் விதைக்கவில்லை, அதை மட்டும் காட்டினால் போதும் என்றார்கள். விளைச்சல் கணக்கு எடுக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் கைநீட்டிக் காட்டினார். விதைக்காத இடத்திலெல்லாம் சிவப்புக் கம்பு நட்டார்கள். மூன்றாம் நாள் காலை ஜீப் டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னான், கம்பு நட்டதெல்லாம் ஆளில்லா நிலமாக எழுதப்பட்டுக் கம்பெனிக்குப் போகிறது என்று. அடுத்து வந்தது தங்கையின் துண்டு. தாலியறுத்த மறுவருஷம் அவள் ஆறப்போட்டிருந்த நிலம். அவளுக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

அதற்கும் அவர் கைநீட்டினார். கம்பு இறங்கியது.

அதிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு இல்லை. கம்பெனி அவருக்குக் கேட்டில் காவல் வேலை கொடுத்தது.

இதைக் கேட்டபிறகு அவள் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் குனிந்துகொண்டார். அந்த நிலத்துப் பீன்ஸைத்தானே தினமும் கை தடவுகிறது என்ற நினைப்பு வேறு அவளுக்கு.

மறுவருஷம் கம்பெனி நிலக் குத்தகையை இன்னும் பல வருஷத்துக்கு நீட்டிக் கேட்டது. அதற்குமுன் நிலம் போனவர்கள் குறை சொல்லலாம் என்று அரசாங்கம் ஒரு நாள் குறித்தது. நிலம் கைவசம் இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். மாமியார் யாரையும் கேட்கவில்லை. மருமகள்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காவல் அறைக்குப் போனாள். ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர்க் குடம், ஆணியில் தொங்கும் தொப்பி. ஊரே மாமா என்று கூப்பிட்டாலும் அவளுக்கு அவர் பெரியப்பா முறை.

"பெரியப்பா, நீங்க காட்டின நிலம். நீங்க வந்து சொன்னாத்தான் உண்டு."

முறை சொல்லிக் கூப்பிட்டதில் ஆள் ஆடிப்போனார். கையிலிருந்த சோற்றைத் திரும்பப் பாத்திரத்திலேயே போட்டார். வருகிறேன் என்றார்.

வந்தார். விடுப்பு கேட்க வாய் வராமல் கம்பெனிச் சட்டையோடே வந்தார். பெரிய கூடம், மடக்கு நாற்காலிகள், மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். மாமியார் முதல் வரிசையில் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். அது என் தங்கச்சி நிலம், ஆறப்போட்டிருந்தாள், எனக்கு நல்லாவே தெரியும் என்றார்.

"தெரிஞ்சும் ஏன் அப்படிக் காட்டினீங்க? பணம் ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டார் நடுவில் இருந்த அதிகாரி.

"இல்லைங்க. ரெண்டு நாளா எல்லாத்தையும் அப்படித்தான் காட்டிட்டேன். மூணாம் நாள் மாத்திச் சொன்னா, இவனுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு நினைச்சிடுவாங்களேன்னு... கைகுடுத்தவர் முன்னாடி வெட்கமா இருந்துச்சுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மருமகளுக்கு நாற்காலிக்குள்ளேயே புதைந்துபோகலாம் போலிருந்தது. இழுத்துவந்து நடுக்கூடத்தில் நிறுத்தியது அவள்தானே. அவர் கையிலிருந்து தொப்பி நழுவிக் கீழே விழுந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

அப்போதுதான் மாமியார் திரும்பினாள். பத்து வருஷத்தில் முதல் பேச்சு.

"தொப்பி கீழ கிடக்குது. எடுத்துக்கோ."

அவ்வளவுதான். எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சாட்சி சொன்னது உண்மை, ஆனால் நிலத்தில் கம்பெனிப் பயிரும் சாலையும் இருப்பதால் திருப்பித்தர வழியில்லை என்று எழுதியிருந்தது. மாமியார் அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். கம்பெனி அவரை வேலையைவிட்டு நிறுத்துமென்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரும் எதிர்பார்த்தார். அவர் சொன்னதால் யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை என்பதால் அதைக்கூடச் செய்யவில்லை.

இப்போது வரப்பு மாமா பண்ணையின் இரண்டாம் கேட்டில் பகல் காவலில் இருக்கிறார். அந்தக் கேட் இருப்பது தங்கையின் நிலத்தில்.