ரைன் கரைப் பெயர்களுக்காகப் பேசியவர்

ஸ்டெல்லா அக்காவின் மறைவுச் செய்தி, தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைப் பாடம் நடக்கும்போது வந்தது. அவருடைய வகுப்பறை அடுத்த அறைதான். கதவைத் திறந்து பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

மன்னாரில் புவியியல் ஆசிரியையாக இருந்தவர். ஜெர்மனிக்கு வந்தபின் டுசல்டோர்ஃபில் நூலகத்தில் வேலை செய்தார். இந்த நாட்டு ஊர்ப் பெயர்களின் வேரைத் தேடுவதில் அவருக்குத் தீராத ஆசை. புத்தாயிரம் பிறந்த புதிதில் ஆசிரியர்கள் ரைன் ஆற்றங்கரையோரம் சுற்றுலா போனோம். ரயில் ரேமாகன் என்ற ஊரில் நின்றதும் அக்காவின் முகம் மலர்ந்தது.

"இது ஜெர்மன் பேர் இல்லை. ரோமருக்கு முன்னமே இஞ்ச இருந்த கெல்ட்டியர் வைச்சது. அரசன்ர வெளி எண்டு அர்த்தம். ரைனும் அவையின்ர சொல்தான், ஓடுறது எண்டு."

அரசன்வெளி! எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் போலவே இருந்தது.

அந்த ஆண்டு பள்ளி விழாவில் பேச வந்த பெரியவர் ஒருவர், மியூனிக்கில் ஓடும் ஈசார் ஆறு ஈசனின் பெயர், ரைனும் தமிழே என்றார். மண்டபம் கைதட்டி ஆர்ப்பரித்தது. நன்றியுரைக்கு எழுந்த அக்கா சொன்னார்:

"ஐயா, கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா அது உண்மை இல்லை. எங்கட ஊருக்கு வேற ஆக்கள் தங்கட பேரை எழுதேக்க எங்களுக்கு எப்பிடி நொந்தது? இந்தப் பேருகளை வைச்ச சனத்துக்காகக் கதைக்க இஞ்ச ஒருத்தரும் மிச்சமில்லை. அதுக்காக நாங்கள் எடுக்கலாமோ?"

ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்த வாரம், அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் பிடிவாதமாக நின்றார்கள்.

"ஐயாவின்ர மனம் நொந்திருந்தால் எனக்கும் கவலைதான். ஆனா சொன்னதை மாத்த ஏலாது" என்றார் அக்கா. பாதி வகுப்பு காலியானது. மிஞ்சிய பிள்ளைகளுக்கு முன்னைவிட உற்சாகமாகக் கற்பித்தார்.

அடுத்த ஆண்டுச் சேர்க்கை நாளில் அதே பெரியவர் தம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பிள்ளை உங்கட வகுப்பிலதான் இருக்கவேணும்" என்றார். அக்கா எழுந்து, "வாங்கோ ஐயா, இருங்கோ" என்று தன் கதிரையைக் கொடுத்தார்.

அவரை அறிந்த நீங்கள் அவருடைய துணிவைப் பற்றிப் பேசுவீர்கள். விழாவன்று மேடையில் அவர் பக்கத்தில் நின்றவள் நான். ஒலிவாங்கியைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. குரல் நடுங்கவில்லை. அந்தக் கையையும் அந்தக் குரலையும் சேர்த்தே நான் நினைவில் வைத்திருக்கிறேன்.