கழுவிக் கழுவிக் கெட்ட இயந்திரம்

மசாலா ஆலையில் அவளைப் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மிளகு அரைக்கும் முதல் இயந்திரம் அவள் பொறுப்பு. வாரக் கடைசியில் அரவை நின்றதும் சட்டைக் கையை மடித்துவிட்டு ரப்பர் குழாயைப் பிடித்தாளென்றால், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அதன் இடுக்கு முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுவாள். கழுவி முடித்த இரும்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

ஆலைக்கு வருமுன் அவள் மீன் வெட்டும் கொட்டகையில் இருந்தவள். அங்கே ஒரு மேசையைக் கழுவாமல் விட்டால் மறுநாள் நாற்றம் தெருமுனை வரை வந்து வரவேற்கும். தண்ணீர் பட்டால்தான் சுத்தம் என்பது அந்தக் கொட்டகையில் அவள் உடம்பில் ஊறிப்போனது. வீடும் அப்படித்தான். "தொடச்சா சுத்தமாடி? கழுவுடி!" என்ற அதட்டலைக் கேட்டே மகள் வளர்ந்தாள்.

அந்த மகள்தான் வீட்டின் முதல் பட்டதாரி. உணவு அறிவியல் படித்து, அதே ஆலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். அம்மா இயந்திரம் கழுவுவதை ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை தாங்காது.

இரண்டாவது இயந்திரத்தை ஓட்டியவனுக்குத் தூசி என்று பெயர். புருவம், காது மடல், சட்டைப்பை எங்கும் மிளகுத்தூள். ஒருமுறை ஈர மோட்டாரைத் தொட்டுக் கரண்ட் அடித்ததிலிருந்து தண்ணீர் என்றாலே அவனுக்கு நடுக்கம். பிரஷால் தட்டுவான், தூசி உறிஞ்சும் குழலை ஓட்டுவான், அத்தோடு சரி.

"ஏம்பா தூசி, உன் மிஷினுக்கு என்னைக்குத்தான் குளியல்?"

"அதுவும் என்னைப் போலத்தான்க்கா. குளிச்சா சளி பிடிச்சுக்கும்."

"தள்ளி நின்னு பேசு. நீ வாயைத் திறந்தா எனக்குத் தும்மல் வருது."

இந்தக் கேலியெல்லாம் ஒரு காலை நேரத்தில் நின்றுபோனது. ஒரு மாணவர் விடுதியில் பிள்ளைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். அவித்த முட்டையின் மேல் தூவிக்கொண்ட மிளகுத்தூள் இந்த ஆலையுடையது. பிரிக்காத பொட்டலத்திலும் சால்மொனெல்லா கிருமி இருந்தது. கடைகளில் இருந்த பொட்டலங்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அரவை நின்றது. காது அடைத்தது போன்ற அமைதி.

மேலாளர் எல்லோரையும் கூட்டி, "ரெண்டு மிஷின்ல எதுன்னு தெரியணும்" என்றார்.

"இதுல தெரிய என்ன இருக்கு?" என்றாள் பளிச்சக்கா. "தண்ணியே படாத மிஷின் எதுன்னு ஊருக்கே தெரியும்."

தூசி சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மகளும் தலையாட்டினாள்; அவளுக்கும் சந்தேகமே இல்லை. சோதனை முடியும்வரை தூசி வரவேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவன் இயந்திரம்தான் என்று உறுதியானால் பிறகு வரவே வேண்டாம். பிரஷை ஆணியில் மாட்டிவிட்டு அவன் வாசலைத் தாண்டிப் போனான்.

இரண்டு இயந்திரங்களின் உள்பக்கத்தையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து, இந்தக் கிருமி வளர்ந்தால் கறுத்துக் காட்டும் சோதனைத் தட்டுகளில் மகளே தேய்த்து வைத்தாள். சில நாள் கழித்துத் தட்டுகளைத் திறந்தபோது, ஒன்றில் கறுப்புப் பொட்டுகள் மிளகைச் சிதறவிட்டது போல அப்பிக்கிடந்தன. மற்றதில் ஒன்றுமே இல்லை. நினைத்தபடிதான். தட்டின் அடியில் ஒட்டியிருந்த இயந்திர எண்ணைப் பார்த்தாள்.

கறுத்த தட்டு அம்மாவுடையது.

எண்ணை மாற்றி ஒட்டிவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஓட்டமாக ஆலைக்குள் போய், முதல் இயந்திரத்தின் அடிக்கதவைத் திருகிக் கழற்றினாள். வெளியே கண்ணாடி போல மின்னிய இரும்புக்குள், ரப்பர் வளையத்தின் பின்னால், ஈரத்தூள் களியாகத் திரண்டு கிடந்தது. விரல் வைத்தாள். கொழகொழத்தது. வாரா வாரம் அம்மா ஊற்றிய தண்ணீர் அங்கே போய் ஒளிந்திருந்தது. அதைத் தாண்டித்தான் அரைத்த தூளெல்லாம் பொட்டலத்துக்குப் போனது.

மிளகோடு வரும் கிருமி காய்ந்த இடத்தில் செத்துப்போகாது, ஆனால் பெருகவும் முடியாது. ஈரம் கிடைத்தால் பிடிக்க முடியாது. காய்ந்த பொருளை அரைக்கும் இடத்தைக் காய்ந்தபடியேதான் சுத்தம் செய்யவேண்டும், தண்ணீர் விட்டால் ஒட்ட உலர்த்த வேண்டும். இதை அவள் பரீட்சையில் எழுதியிருக்கிறாள். எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். பிறகு இதே ஜன்னலில் நின்று அம்மா குழாய் பிடிப்பதைப் பார்த்துப் பூரித்திருக்கிறாள். அப்படியானால் படித்தது எங்கே போனது? அம்மாவுக்குத் தெரியாது. தனக்கு?

அம்மாவை அழைத்துவந்து காட்டினாள்.

"போடி பைத்தியம்! கழுவுற இடத்துல கிருமி வருமா? அந்த மிஷினைத் திறந்து பாரு."

அதையும் திறந்தாள். காய்ந்த தூள் உதிர்ந்தது. களி இல்லை, ஈரம் இல்லை.

பளிச்சக்கா திரும்பித் தன் இயந்திரத்துக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்த விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ, அந்தப் புள்ளைங்க..."

"பிழைச்சுக்கிட்டாங்கம்மா. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு."

"நான் கழுவினதாலயாடி?"

மகள் ஆமென்று தலையசைத்து அவள் கையைப் பிடித்தாள். அம்மா அதை உதறிவிட்டு நேரே மேலாளர் அறைக்குப் போய், தன் மிஷின்தான் என்று தானே சொன்னாள்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ படிச்ச பொண்ணுதானே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மகளைக் கடிந்துகொண்டார். பிறகு, "சரிக்கா, தெரியாம நடந்தது. இனிமே தண்ணி தொடாதீங்க. போய் வேலையைப் பாருங்க" என்றார்.

"வேலையைப் பாக்கவா?" என்றாள் பளிச்சக்கா. "ஒண்ணுமே பண்ணாதவனை வெளிய அனுப்புனீங்க. பண்ணினவளை வேலையைப் பாருன்னு சொல்றீங்க. என் பேச்சைக் கேட்டுத்தானே அனுப்புனீங்க?"

மேலாளர் தூசியைத் தொலைபேசியில் அழைத்தார்.

பளிச்சக்கா போய் வாசலுக்கு வெளியே நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. மகள் வந்து கூப்பிட்டாள்.

"உள்ள வாம்மா."

"அவன் வரட்டும்."

மகளும் பக்கத்தில் நின்றாள்.

தூசி வந்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. குளித்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். புருவம் கன்னங்கரேலென்று இருந்தது.

"என்னக்கா, வாசலையும் கழுவ வந்துட்டீங்களா?"

பளிச்சக்கா மிளகுக் களி காய்ந்திருந்த விரல்களைத் தன் உடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"நீ முதல்ல உள்ள போப்பா," என்றாள்.