மத்தியாஸின் தலையும் எவனோ ஒருவனின் உடம்பும்

கோயில் திருவிழாவின் கடைசி நாள் காலையில் பால் வாங்கப் போன மத்தியாஸ், சிலுவை நிற்கிற குருசடி முக்கில் தன் முகத்தைத் தானே பார்த்தார். பத்தடி உயர ஃபிளெக்ஸ். கழுத்துக்கு மேலே அவர். கழுத்துக்குக் கீழே போர் விமானம் ஓட்டுகிற எவனோ ஒரு வாட்டசாட்டமான பயல், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். ‘வானத்தை ஆண்ட எங்கள் சிங்கமே!’ என்று வேறு எழுதி வைத்திருந்தார்கள். அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

சிங்கமாம், சிங்கம்! விமானப்படையில் இருபது வருஷம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு நாளும் ஓட்டியதில்லை. சக்கரம் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, இறக்கைக்கடியில் மல்லாந்து கிடந்து போல்ட் முறுக்குவது, இதுதான் வேலை. அதில் அவருக்கு ஒரு குறைச்சலும் தோன்றியதில்லை. இப்போது சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் வள்ளங்களுக்கு இஞ்சின் பார்க்கிறார். எவனாவது ‘பைலட்’ என்று கூப்பிட்டால், “லேய், நான் ஃபிட்டராக்கும்” என்று அங்கேயே வெட்டிவிடுவார்.

குமட்டியது பொய்யால் மட்டுமல்ல, அந்த ஹெல்மெட்டாலும்தான். வடக்கே ஒரு குளிர்காலத்தில், அவர் சரிபார்த்து அனுப்பிய விமானம் கடுகு வயலில் விழுந்தது. சிதறியதைப் பொறுக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். வரப்போரம் ஒரு ஹெல்மெட் கிடந்தது. எடுத்தார். அது காலியாக இல்லை. காலையில் சிரித்துக்கொண்டே ஏறிப்போன பையன். வீட்டில் இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தினார். “ஏட்டி லிஜா, ஆரு செய்த வேல இது?”

மகள் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “நான்தான்ப்பா. ஃபிளெக்ஸ் கடை அனீஷுட்ட நான்தான் போட்டோ குடுத்தேன். மத்தியானம் மாப்பிள்ள வீட்டுக்காரவிய வருவாவல்லா. பைலட்டுன்னு சொல்லியாச்சு.”

இரண்டு சம்பந்தம் தட்டிப்போன பிறகு வருகிற இடம். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் மகளாவது தன்னை உள்ளபடி அறிய வேண்டும் என்று தோன்றியது. அவளை உட்காரவைத்து வயலைச் சொன்னார், ஹெல்மெட்டைச் சொன்னார், உள்ளே இருந்ததையும் சொன்னார்.

லிஜா முகத்தைச் சுளித்தாள். “சே! இத இன்னைக்கா சொல்லணும்? அவியளுக்க முன்னால இந்தக் கதைய எடுத்துராதீங்கப்பா. ஒரு நாளைக்கு அந்தப் படத்துக்குத் தக்க இருங்க, போதும்.”

அந்த நாற்றமடிக்கிற ஃபிளெக்ஸ் துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு வருவது என்றே அவர் எழுந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா இறங்கி, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். “வழியில ஒங்க படத்தப் பாத்தோம் சார்! எத்தன விமானம் ஓட்டியிருப்பீங்க?”

கதவுக்குப் பின்னால் லிஜா கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

“நெறய” என்றார் மத்தியாஸ். சொன்ன வாயிலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னார்.